பெரட்டுக்கு வராத பெட்டி

வா பேராண்டி, வா. பசியாறிட்டியா? இல்லயா? பரவால்ல, இட்டிலி எங்கயும் ஓடிடாது. பெட்டியை முதல்ல பாரு. மூணு நாளா அடம் பிடிக்குது. பட்டனை அழுத்துனா விர்ருனு காத்தாடி சுத்துது, முன்னாடி சின்ன வெளிச்சம் வருது, ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணி முடிக்கிறதுக்குள்ள படுத்துக்குது. உன் பாட்டிகிட்ட கேட்டா மின்னல் அடிச்சிருச்சும்பா. அவளுக்கு அப்படித்தான் தெரியும்.

அடேங்கப்பா! செருப்பைக் கழட்டி ரெண்டு நிமிசம் ஆகல, “மதர்போர்டு போயிருச்சு தாத்தா, புதுசா வாங்கிடலாம்”கிறியே! தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர்கூட நாக்கை நீட்டச் சொல்லிட்டுத்தான் மருந்து ஊத்துவாரு. நீ கதவுல நின்னுக்கிட்டே சாவுச் சீட்டு எழுதுறே.

நீ யாரு? கூலாய்ப் பக்கம் டேட்டா சென்டர்ல ஆயிரக்கணக்குல பெட்டி மேய்க்கிற பிள்ளை. 2023 டிசம்பர்ல ஒய்.டி.எல்லும் அமெரிக்காவுல உள்ள என்விடியாவும் சேர்ந்து கூலாய்ல செயற்கை அறிவுக்கு மெஷின் போடப்போறதா சொன்னப்ப, கித்தாவும் முள்ளுத்தேங்காயும் நின்ன மண்ணுல புத்தி விளையப் போகுதுன்னு குளுவாங் கோப்பிக்கடை பூரா நான்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். விளைஞ்சிருக்கு போல. ஆனா குளுவாங் வரைக்கும் லாரி இன்னும் வரல.

கோவிச்சுக்காதே. உக்காரு. உங்க காலேஜ்ல சொல்லித்தராத ஒண்ணைச் சொல்றேன்.

தோட்டத்துல விடியக்காலையில பெரட்டு நடக்கும், உங்க அப்பன் சொல்லியிருப்பான். இருட்டு பிரியிறதுக்குள்ள எல்லாரும் களத்துல வந்து நிக்கணும். கங்காணி பேரு கூப்பிடுவாரு, ஆஜர் சொல்லணும். ஆள் கணக்குச் சரியா இருந்தாத்தான் நிரைக்கு அனுப்புவாங்க. உன் பெட்டியும் பட்டனை அழுத்துனதும் அதைத்தான் செய்யுது. கரண்டு வந்தியா? ஆஜர். ஞாபகச் சில்லு வந்தியா? ஆஜர். படம் காட்டுறவனே, தட்டு சுத்துறவனே, வந்தியா? எல்லாரும் வந்தாத்தான் விண்டோஸ் துரை எழுந்து கோப்பி குடிப்பாரு. யாரோ ஒருத்தன் பெரட்டுக்கு வரல. அதான் விசயம்.

ஆள் வரலேன்னா கங்காணி என்ன செய்வாரு? துரைகிட்ட ஓடிப் போயி, “புது ஆளு எடுங்க”ம்பாரா? லயத்துக்குப் போயி கதவைத் தட்டுவாரு. காய்ச்சலா, பொண்டாட்டிகூடச் சண்டையா, நேத்துக் கள்ளு கூடிப்போச்சா, மூணுல ஒண்ணு இருக்கும். முக்காவாசி நேரம் தண்ணி தெளிச்சா எழுந்துருவான். நீ கதவைத் தட்டாமலே ஆளை வேலையை விட்டு நிறுத்துறே.

சுவத்துலேர்ந்து ஆரம்பி. காசு செலவில்லாததுல தொடங்கி காசு செலவாகுறதுக்குப் போகணும். நம்ம ஆளுங்க தலைகீழா ஏறுவாங்க.

“காத்தாடி சுத்துதே, கரண்டு இருக்குதானே தாத்தா”ங்கிறே. இருக்கு. ஒழுங்கா இருக்கான்னு பாத்தியா? அந்த நீட்டு ஒயரு பலகையில மீன்தொட்டி, இஸ்திரிப் பெட்டி, சாமி மேடை லைட்டு, உன் பாட்டியோட டிவி, அதோட என் பெட்டி. ஒரு பசுமாட்டுல அஞ்சு கன்னுக்குட்டி. பிடுங்கி நேரா சுவத்துல சொருகு. நம்ம ஊர்ல சுவத்துக்கும் ஒரு சுவிட்சு இருக்கு, அது கீழ அமுங்கியிருக்கா பாரு. அந்தத் துவாரத்துல மேசைக் காத்தாடியைச் சொருகிப் பாரு. அது சுத்துனா சுவரு யோக்கியம். மூணுகால் பிளக்குக்குள்ள குட்டியா ஒரு பியூஸ் இருக்கும், அதுவும் ஒரு நாளைக்குச் சாகும். ஒயரோட மறுமுனை பெட்டி முதுகுல நல்லா இறுகி இருக்கான்னு தள்ளிப் பாரு. முதுகுலயும் ஒரு சுவிட்சு, கோடும் சைபரும் போட்டது. கோட்டுப் பக்கம் சாஞ்சாத்தான் உயிரு.

பழைய பெட்டி சிலதுல அதுக்குப் பக்கத்துலயே சிவப்பா ஒண்ணு இருக்கும், 115, 230ன்னு. எதிர்வீட்டுப் பையன் ஒருத்தன், “இதைத் திருப்புனா ஸ்பீடு கூடும்”னு நினைச்சு 115க்குத் தள்ளிட்டான். நம்ம ஊருக் கரண்டு 230. டமார்னு ஒரு சத்தம், புகை, சாம்பிராணி போட்ட மாதிரி. ஸ்பீடு கூடுச்சு, அவன் வீட்டை விட்டு ஓடுன ஸ்பீடு.

மின்னல்னு பாட்டி சொல்றதுலயும் நியாயம் இருக்கு, நான் மறுக்க மாட்டேன். மலேசியா மாதிரி இடி விழுற நாடு உலகத்துல கொஞ்சம்தான். மத்தியானம் கறுத்துச்சுன்னா பிளக்கைப் பிடுங்கிடணும். சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது, சுவிட்சுக்குள்ள இருக்கிற இடைவெளி மின்னலுக்கு ஒரு தாவு. போன் லைன், பைபர் பெட்டி ஒயரையும் சேர்த்துப் பிடுங்கு. மெயின் சுவிட்சு டிரிப் ஆனா, “ஐயோ போச்சே”ன்னு கத்தாதே. அது தன் வேலையைச் செஞ்சிருக்கு, ஒரு கும்பிடு போட்டு மேல தள்ளு.

அடுத்தது திரை. பெட்டி ஓடிக்கிட்டே இருக்கும், திரைக்குத் தனியா ஒரு பட்டன் இருக்கும், அதை யாரோ துடைக்கும்போது அணைச்சிருப்பாங்க. பெட்டி செத்துருச்சுன்னு பாதி ஊரு ஒப்பாரி வைக்கிறது இப்படித்தான். கேபிள் ரெண்டு முனையையும் கழட்டிச் சொருகு. தனியா கிராபிக்ஸ் கார்டு வச்ச பெட்டினா, கேபிள் அந்தக் கார்டுல இருக்கணும். மேல உள்ள துவாரத்துல சொருகிட்டு விடிய விடிய காத்திருந்த பொறியாளர் ஒருத்தரை எனக்குத் தெரியும். பேரு சொல்ல மாட்டேன். அவருக்கு அக்கா மகன் நீதான்.

சரி, இப்போ பிளக்கைப் பிடுங்கிட்டு, பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடி. ஏன்னு கேக்குறியா? உள்ள மிச்சம் தங்கியிருக்கிற கரண்டு வடியும். பால் மங்கைக் கவுத்து வடிக்கிற மாதிரி. இந்த ஒண்ணுலயே பாதிப் பெட்டி கோபம் தீர்ந்து எழுந்துரும். என்ன, பட்டன் நல்லா அமுங்குதா? ஏதாவது தோணுதா விரலுக்கு? தோணலயா? சரி சரி, விடு. மேல போவோம்.

திருப்புளி எடு. பக்கத்துத் தகட்டைக் கழட்டு. வெறும் இரும்பைத் தொட்டுட்டு அப்புறம் கையை விடு, உடம்புல உள்ள மின்சாரம் அதுல இறங்கிடும். அடடா, அடடா! இது என்ன, பெட்டியா, பஞ்சு மில்லா? பிரஷால தட்டு. காத்தாடி இறக்கையை ஒரு விரலால பிடிச்சுக்கிட்டு ஊது, இல்லாட்டி அது பம்பரமாச் சுத்தி கெட்டுப்போகும். மூளைக்கு மேல உக்காந்திருக்கிற காத்தாடி நின்னுபோனா, சூடு தாங்காம பெட்டி தானாவே அணைஞ்சுக்கும். நம்ம நாட்டு வெக்கைக்கு மனுசனே மத்தியானம் படுத்துக்கிறான், சில்லு என்ன பண்ணும்.

பாத்தியா, ஒரு பல்லி. காஞ்சு கருவாடா இருக்கு. சூடு தேடி உள்ள வரும், ரெண்டு கம்பிக்குக் குறுக்க கால் வைக்கும், தானும் போயி பெட்டியையும் கூட்டிட்டுப் போகும். சிரிக்காதே. 1947ல அமெரிக்காவுல ஹார்வர்டுக்காரங்க கட்டுன மார்க் டூங்கிற மெஷினுக்குள்ள விட்டில்பூச்சி மாட்டி வேலை நின்னுச்சு. செத்த பூச்சியை நோட்டுப் புத்தகத்துலயே ஒட்டி, தேதியும் எழுதி வச்சாங்க. அவங்க ஒட்டி வச்சதால அது சரித்திரம். உன் பாட்டி கூட்டி அள்ளிடுறதால நம்ம பல்லிக்குப் பேரில்ல.

பலகையில குட்டி குட்டி உருளை நிக்குதே, அதோட தலை தட்டையா இருக்கணும். தீபாவளி முறுக்கு தின்ன வயிறு மாதிரி உப்பியிருந்தா அது போச்சு. 2000க்குப் பிறகு கொஞ்ச வருசம் உலகம் பூரா மட்ட ரக உருளை போட்ட பலகைங்க அப்படித்தான் ஊதி ஊதிச் செத்துச்சு. அப்புறம், கரண்டு பிரிச்சுக் கொடுக்கிற இந்தத் தகரப் பெட்டி இருக்கே, பவர் சப்ளை, இதை மட்டும் பிரிக்காதே. பிளக்கைப் பிடுங்குன பிறகும் உள்ள கரண்டை அடக்கி வச்சிருக்கும். தூங்குற பாம்பு. சந்தேகம்னா, ஓடுற பெட்டியிலேர்ந்து நல்லது ஒண்ணைக் கடன் வாங்கி மாட்டிப் பாரு. ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். நாலையும் ஒண்ணா மாத்திட்டு ஓடுச்சுன்னா, யாரு திருடன்னு தெரியாம நாலு பேரையும் ஜெயில்ல போட்ட மாதிரி.

இப்ப கங்காணி விசிலுக்கு வருவோம். பெரட்டுல ஆள் குறைஞ்சா பெட்டி பீப் அடிக்கும். ஒரு குட்டி பீப்னா பெரும்பாலும் எல்லாரும் ஆஜர். நீளமா, விட்டு விட்டு அடிச்சா ஞாபகச் சில்லுதான் வரலேன்னு அர்த்தம். கம்பெனிக்குக் கம்பெனி விசில் மாறும், பலகையோட புத்தகத்தைப் பாத்துக்கணும். புதுப் பெட்டிங்களுக்குக் குரலே இல்ல, சின்ன லைட்டு மின்னும், அதுவும் உங்க தலைமுறை மாதிரி. வாயத் திறக்காது, போன்ல வெளிச்சம் மட்டும் வரும்.

காத்தாடி ஓடி, திரை மட்டும் இருட்டுன்னா ராம்ங்கிற அந்த ஞாபகச் சில்லைக் கழட்டு. ரெண்டு ஓரத்துக் கொண்டியையும் தள்ளுனா துள்ளி வரும். மஞ்சளாப் பல்லு பல்லா இருக்கு பாரு, நம்ம ஊர் ஈரத்துக்கு அதுல கண்ணுக்குத் தெரியாம ஊத்தை ஏறும். பென்சில் ரப்பரால மெதுவா தேய், தூளை ஊதிடு, டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்திச் சொருகு. ரெண்டு சில்லு இருந்தா ஒண்ணொண்ணா போட்டுப் பாரு.

இந்த இடத்துல எனக்கு ஒரு பெருமை. ரப்பருக்கு ரப்பர்னு பேரு வந்ததே பென்சில் கோட்டைத் தேய்ச்சு அழிச்சதுனாலதான். 1770ல பிரீஸ்ட்லினு ஒரு வெள்ளைக்காரரு அதை எழுதி வச்சாரு. முப்பது வருசம் பால் வெட்டுனவன் நான். என் கையில வடிஞ்சது கடைசியில கம்ப்யூட்டருக்குப் பல்லு விளக்குது. இப்ப கடையில விக்கிற ரப்பர்ல நிறைய பிளாஸ்டிக்னு சொல்றாங்க. சொல்லாதே, பெருமை கெட்டுரும்.

வட்டமா வெள்ளிக் காசு மாதிரி மின்னுதே, அது பேட்டரி. சி.ஆர். 2032ன்னு எழுதியிருக்கும், மூணு வோல்ட்டு, கடிகாரக் கடையில கிடைக்கும். அது செத்தா பெட்டிக்குத் தேதி மறந்துரும். காலையில எழுந்து ஏதோ பழைய வருசத்தைச் சொல்லி, எஃப்1 அழுத்துன்னு கெஞ்சும். அதைத் திட்டாதே. 2014லேர்ந்து பதினொரு வருசம் ஜொகூருக்கு வெள்ளியும் சனியும் லீவு, 2025 ஜனவரி ஒண்ணுலேர்ந்து மறுபடி சனி, ஞாயிறு. பேட்டரி நல்லா இருக்கிற எனக்கே வெள்ளிக்கிழமை காலையில எழுந்து வேட்டி கட்டுறதா கால்சட்டை போடுறதான்னு தெரியல.

இனி சொல்றது இன்னைக்கு வியாதி இல்ல. உன் அத்தை வீட்டுப் பெட்டிக்கு வரும், கேட்டுக்கோ. எழுத்து வரும், “ஓட்டுற தட்டைக் காணோம்”னு இங்கிலீசுல ஒரு வரி காட்டிட்டு நிக்கும். உடனே ஹார்டு டிஸ்க் போச்சுன்னு அழாதே. முன்னாடி பென்டிரைவ் எதாவது சொருகியிருக்கா பாரு.

இது நான் காசு கொடுத்துப் படிச்ச பாடம். 2000 வாக்குல ஈ.பி.எஃப். பணத்தை எடுத்து கம்ப்யூட்டர் வாங்கிக்கலாம்னு கவர்மெண்டு கதவைத் திறந்துச்சு. தோட்டத்துல பாதிப் பேரு திடீர்னு விஞ்ஞானி ஆகிட்டாங்க. சிலரு பெட்டி வாங்குனாங்க, சிலரு ரசீது மட்டும் வாங்குனாங்க. அந்தக் கதவு சீக்கிரமே சாத்திக்கிச்சு. நான் நிஜமாவே பெட்டி வாங்குனவன், அதனால ஊருக்குள்ள என்னை ஒரு மாதிரியாத்தான் பார்த்தாங்க. ரெண்டாவது மாசம் பெட்டி எழுந்திரிக்கல. டவுன்லேர்ந்து ஒருத்தன் மோட்டார்ல வந்தான். பெட்டியைச் சுத்தி வந்தான், தாடையைத் தடவுனான், பெருமூச்சு விட்டான். அப்புறம் ஒரு விரலால முன்னாடி அமுக்குனான். முதல்நாள் உங்க அப்பன் மறந்து விட்ட பிளாப்பி தட்டு வெளிய வந்து விழுந்துச்சு. பெட்டி எழுந்துருச்சு. ஐம்பது வெள்ளி. “ஒரு அமுக்குக்கு ஐம்பது வெள்ளியா”ன்னேன். “எங்க அமுக்கணும்னு தெரிஞ்சதுக்கு”ன்னான். அன்னைலேர்ந்து நான் பெட்டிக்கு முன்னாடி விரலைத்தான் பார்ப்பேன்.

விண்டோஸ் படம் வந்து புள்ளி புள்ளியா சுத்திக்கிட்டே இருந்தா, அது உடம்பு வியாதி இல்ல, மனசு வியாதி. புதுசா எதை ஏத்துனே, எதைச் சொருகுனேன்னு யோசி, அதை எடு. ரெண்டு மூணு தடவ பாதியில நின்னா பெட்டியே பழுதுபார்க்கிற நீலத் திரையைக் காட்டும். அதுல சேஃப் மோடுன்னு ஒண்ணு இருக்கு, பத்தியச் சாப்பாடு மாதிரி, தேவையானதை மட்டும் வச்சு ஓடும். 2024 ஜூலை 19, ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்டிரைக்னு காவல் மென்பொருளு, அது அனுப்புன ஒரு சின்ன பைலால உலகத்துல 85 லட்சம் பெட்டி பெரட்டுக்கு வரல. மைக்ரோசாப்டே சொன்ன கணக்கு. ஏர் ஏசியாவுல கையால சீட்டு எழுதுனாங்க, கே.டி.எம். டிக்கெட்டும் தடுமாறுச்சு. காவலுக்கு வச்ச நாயே வீட்டுக்காரனை உள்ள விடல. மருந்து என்ன? சேஃப் மோடுக்குப் போயி அந்த ஒரு பைலை அழிக்கணும். பெட்டி பெட்டியா, ஆள் நடந்து போயி. பாத்தியா, கடைசியில கதவைத் தட்டத்தான் வேண்டியிருந்துச்சு.

அதுலயும் ஒரு கூத்து. பூட்டு போட்டு வச்ச தட்டுனா, 48 இலக்க எண்ணு கேக்கும். நாப்பத்தெட்டு! வாரா வாரம் நாலு நம்பர் எழுதுறேன், அதுவே நாப்பது வருசமா எனக்கு அடிக்கல. அந்த எண்ணை இப்பவே தேடி எடுத்து, சாமிப் படத்துக்குப் பின்னாடி ஒரு தாள்ல எழுதி வை. பெட்டிக்குள்ளயே எழுதி வைக்காதே, வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டுன கதை.

தட்டு டக் டக்னு மரங்கொத்தி மாதிரி தட்டுனா, பட்டனை அணைச்சிட்டு நல்ல கைகிட்ட கொடு. திரும்பத் திரும்ப ஏத்திப் பாக்காதே. 2006 டிசம்பர் வெள்ளத்துல கோத்தா திங்கியில உன் பெரியப்பா வீட்டுப் பெட்டி தரையில இருந்துச்சு. சகதி வடிஞ்சதும், “ஓடுதான்னு பாப்போம்”னு ஈரத்தோட ஏத்துனாரு. ஓடுச்சு, மேல போற ஓட்டம். தண்ணி அதைக் கொல்லல, அவசரம் கொன்னுச்சு. அதுலதான் உன் அப்பாவோட கல்யாணப் படம் பூரா இருந்துச்சு. வேற எங்கயும் நகல் இல்ல. பெட்டி கடையில கிடைக்கும், பேராண்டி. உன் அம்மா முதல் தடவ வெக்கப்பட்ட முகம் கடையில கிடைக்காது. மூணு இடத்துல நகல் வை, ஒண்ணு வீட்டுக்கு வெளிய இருக்கணும். பெட்டியை மேசை மேல வை.

என் பெட்டியில என்ன இருக்குன்னு கேக்குறியா? பத்திரிகைக்கு எழுதுன கடிதம். நம்ம நாட்டு முத்து நெடுமாறன் செஞ்ச முரசு மென்பொருள்ல தட்டுனது எல்லாம். தமிழ் நேசனுக்கு மட்டும் எத்தனை! 1924ல ஆரம்பிச்ச பேப்பரு, 2019ல நின்னுபோச்சு. என் கடிதத்துனால இல்லன்னுதான் சொல்றாங்க.

சரி, எல்லாம் பாத்தாச்சா? சுவரு யோக்கியம். ஒயரு யோக்கியம். சில்லுக்குப் பல்லு விளக்கியாச்சு. பல்லிக்குக் கருமாதி முடிஞ்சது. தகட்டை மூடு. அழுத்து. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. படுத்துக்கிச்சா? “நான்தான் அப்பவே சொன்னேனே, மதர்போர்டு”ன்னு வாயைத் திறக்காதே.

நாலு எண்ணிக்கை. யோசி. ஓடுற பெட்டியை வலுக்கட்டாயமா நிறுத்தணும்னா நீ என்ன செய்வே? பட்டனை நாலு விநாடி அழுத்திப் பிடிப்பே. ஆமா, இப்ப உன் பெட்டியோட பட்டனை யாரு பிடிச்சுக்கிட்டு இருக்கா? பல்லுக்குச்சி இந்தா. பட்டனைச் சுத்தி மஞ்சளா காஞ்சு கிடக்கே, அதைச் சுரண்டு. மெதுவா, மெதுவா. ஆங். இப்ப அமுக்கு. உள்ள போயிட்டுத் துள்ளி வெளிய வருதா? அதான்!

சந்தனம், பேராண்டி. ஆயுத பூசைக்கு எல்லா மெஷினுக்கும் பொட்டு வைக்கணுமில்ல? தையல் மெஷினுக்கு, மோட்டாருக்கு, அரிசி குக்கருக்கு. பெட்டிக்கு எங்க வைக்கிறது? முகம் எதுவோ அங்கதானே. தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு, இடுக்குல இறங்கி, நாளாக நாளாகக் கல்லாகி, பட்டனைக் கவ்விக்கிச்சு. நீ சுவத்துலேர்ந்து தட்டு வரைக்கும் தேடுனே. உன் விரலு நின்ன இடத்தை மட்டும் பாக்கல. உன்னைச் சொல்லிக் குத்தமில்ல, யாருதான் தன் விரலைப் பாக்குறா.

அழுத்து இப்ப. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு... பீப். கேட்டுச்சா? ஆஜர்!

போ, கையைக் கழுவிட்டு வந்து பசியாறு. இட்டிலி ஆறிப்போச்சுன்னா பாட்டியைச் சுட வைக்கச் சொல்லு. பொட்டு வச்ச கை யாருதுன்னா கேக்குறே? மெல்லப் பேசு. உன் பாட்டிகிட்ட நான் மின்னல்னு சொல்லியிருக்கேன். மின்னலாவே இருக்கட்டும்.